தினமும் உட்காருகிறேன், ஒன்றும் நகரவில்லை: தியானத்தில் எந்த அறிகுறிக்கு எதைப் பார்ப்பது

பினாங்கில், பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் இயந்திரம் பழுதுபார்ப்பது என் வேலை, 17 வருடமாக. தியானத்தில் தினமும் உட்காருவது 12 வருடமாக. இரண்டையும் சேர்த்துப் பேசுவது சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். ஆனால் "தியானம் ஓடவில்லை அண்ணே" என்று வந்து சொன்னவர்களுக்கு என்னால் ஏதாவது உதவ முடிந்தது என்றால், அது தொழிற்சாலையில் கற்றுக்கொண்ட ஒரு பழக்கத்தால்தான்.

இயந்திரம் நின்றுவிட்டது என்று கூப்பிடுவார்கள். புதிதாக வந்த தம்பிகள் ஓடிப்போய் மோட்டாரைக் கழற்ற ஆரம்பிப்பார்கள். அனுபவப்பட்டவர்கள் முதலில் சென்சாரைப் பார்ப்பார்கள், அப்புறம் அளவுமானியை. ஒவ்வொரு மானியிலும் ஒரு சின்ன ஸ்டிக்கர் இருக்கும், கடைசியாக எப்போது சரிபார்த்தது, அடுத்து எப்போது என்று தேதி போட்டு. தேதி தாண்டிய மானி காட்டுகிற எண்ணை நம்பி ஒரு திருகாணியைக்கூடத் தொடக் கூடாது. நல்ல மோட்டாரைக் கழற்றிப் போட்டுவிட்டு, கடைசியில் தப்பாகக் காட்டியது மானிதான் என்று தெரியவந்த ராத்திரிகள் எங்களுக்கு எவ்வளவோ உண்டு.

தியானத்தை விட்டுவிட்டவர்களில் பாதிப் பேராவது அப்படி நல்ல மோட்டாரைக் கழற்றிப் போட்டவர்கள் என்பது என் எண்ணம். முன்னேற்றம் இல்லை என்று சொன்ன மானி சரியா என்று அவர்கள் பார்க்கவே இல்லை.

கீழே இருப்பதை வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்களுக்கு எந்த அறிகுறியோ அங்கே போங்கள். ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு விஷயத்தை மாற்றாதீர்கள், எது வேலை செய்தது என்று அப்புறம் கண்டுபிடிக்க முடியாது. ஒன்றை மாற்றி, இரண்டு வாரம் விட்டுப் பாருங்கள். மூச்சைக் கவனிப்பவர்கள், ஜபம் செய்பவர்கள், மனவளக்கலை படித்தவர்கள் என்று யாருக்கும் பெரும்பாலும் இது பொருந்தும்.

"ஆறு மாதம் ஆகிவிட்டது. எதுவுமே மாறவில்லை."

நான் அதிகமாகக் கேட்பது இதைத்தான், அதனால் இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

எதை வைத்து அளந்தீர்கள்? உட்கார்ந்த 20 நிமிடத்துக்குள் எவ்வளவு அமைதி கிடைத்தது என்பதை வைத்தா? அந்த மானி எல்லாவற்றுக்கும் ஆடும். நேற்று எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், மாமாக் கடையில் எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள், சூப்பர்வைசர் கடைசியாக என்ன சொல்லிவிட்டுப் போனார், அறையில் காற்று இருந்ததா, எல்லாவற்றுக்கும். பயிற்சியால் வந்த மாற்றம் எது, நல்ல தூக்கத்தால் வந்த மாற்றம் எது என்று அது பிரித்துக் காட்டாது. அதனால் அதைக் கீழே வைத்துவிட்டு, உட்காராத நேரத்தில் வேலை செய்கிற ஒரு மானியைத் தேடுங்கள்.

என் மானி எனக்குத் தற்செயலாகக் கிடைத்தது. நான் தீவுக்கு எதிர்க்கரையில், பிறை என்ற ஊரில் குடியிருக்கிறேன், மோட்டார் சைக்கிளில் பழைய பினாங்குப் பாலத்தைக் கடந்துதான் வேலைக்குப் போகிறேன். 1985-இல் திறந்த பாலம், மொத்தம் 13.5 கிலோமீட்டர், கடலுக்கு மேல் மட்டும் 8.4. டோல் சாவடி தாண்டியதும் வண்டிகள் ஒன்றை ஒன்று நெருக்கும் இடத்தில் வாரத்துக்கு இரண்டு தடவையாவது யாராவது விளக்குப் போடாமல் குறுக்கே வந்துவிடுவார்கள். ஆரம்பத்தில் அந்தக் கோபம் என்னோடு பாலம் முழுக்க வரும். தொழிற்சாலையில் ஹெல்மெட்டைக் கழற்றி மாட்டும்போதுகூட அந்தக் காரின் நம்பர் வாயில் இருக்கும், காலைக் கூட்டத்தில் சம்பந்தமே இல்லாத ஒரு தம்பியின் தலையில் போய் அது இறங்கும். இரண்டாவது வருடத்தில் ஒரு நாள், பாலத்தின் நடுவில் கேபிள்கள் தாங்கி நிற்கும் உயரமான பகுதியில் ஏறிக்கொண்டிருந்தேன். கைப்பிடியை இறுக்கியிருந்த விரல்கள் தளர்ந்திருந்தன. கீழே கடலில் ஒரு மீன்பிடிப் படகு போவது கண்ணில் பட்டது. ஐந்து நிமிடத்துக்கு முன்னால்தான் ஒரு லோரி என்னைச் சுவரோரம் தள்ளியிருந்தது, அந்த லோரி என்ன நிறம் என்றுகூட எனக்கு ஞாபகம் வரவில்லை.

அன்று காலை நான் உட்கார்ந்த 20 நிமிடமும் வீட்டுத் தவணையைப் பற்றித்தான் யோசித்தேன். "இன்றைக்கு வீணாகிவிட்டது" என்று நினைத்துக்கொண்டே பாயைச் சுருட்டினேன். அதை இங்கே சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் அன்றைய உட்காருதலை நான் கேட்டிருந்தால் அது எனக்கு முட்டை மதிப்பெண்தான் போட்டிருக்கும்.

அன்றிலிருந்து கோபம் எத்தனை கிலோமீட்டர் கூட வருகிறது என்று பார்க்கிறேன். உங்களுக்கு வேறு ஏதாவது இருக்கும். கோபம் வந்துவிட்டது என்று தெரிவதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது, சண்டைக்குப் பிறகு எத்தனை மணி நேரம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறீர்கள், வாட்ஸ்அப்பில் வந்த ஒரு கடுமையான செய்திக்கு உடனே பதில் தட்டுகிறீர்களா, ஒரு மூச்சு விட்டுத் தட்டுகிறீர்களா. வீட்டில் இருப்பவரையும் கேட்கலாம். ஆனால் "நான் மாறியிருக்கிறேனா?" என்று கேட்காதீர்கள், பாவம் அவர்கள் என்ன சொல்வார்கள். "போன வாரம் நான் எத்தனை தடவை கத்தினேன்?" என்று கேளுங்கள்.

அப்புறம் எழுதி வையுங்கள். பத்தமடையில் பிறந்து, 1913-இலிருந்து பத்து வருடம் நம் மலாயாவில் டாக்டராக வேலை பார்த்து, பிறகு ரிஷிகேசம் போன சுவாமி சிவானந்தர், சாதகர்கள் தினமும் ஒரு குறிப்பேடு எழுத வேண்டும் என்று விடாமல் வற்புறுத்தினார். எத்தனை மணிக்கு எழுந்தாய், எவ்வளவு நேரம் தூங்கினாய், எத்தனை மாலை ஜபம், எத்தனை முறை கோபப்பட்டாய் என்கிற மாதிரி கேள்விகள். நோயாளியின் காய்ச்சலை நேரம் போட்டு எழுதி வைத்த கை அது என்று எனக்கு எப்போதும் தோன்றும். நான் தேதி, எத்தனை நிமிடம், பாலத்தில் எத்தனை கிலோமீட்டர் என்று ஒரே ஒரு வரி எழுதுகிறேன். உட்கார்ந்தது நன்றாக இருந்ததா என்பதற்கு அதில் இடமே வைக்கவில்லை.

மாற்றம் நாள்கணக்கில் கண்ணுக்குத் தெரியாது என்பதற்குப் புத்தர் ஒரு தச்சரைக் காட்டுவார். வாய்ச்சியின் பிடியில் தச்சரின் விரல் தடம் பதிந்திருக்கும். இன்றைக்கு இவ்வளவு தேய்ந்தது, நேற்றைக்கு அவ்வளவு தேய்ந்தது என்று அவரால் சொல்ல முடியாது. தேய்ந்த பிறகு, தேய்ந்திருக்கிறது என்று மட்டும் தெரியும்.

மூன்று மாதக் குறிப்பைப் புரட்டிப் பார்த்தும் எதுவும் அசையவில்லை என்றால்? அப்போது மானி சரி, கோளாறு பயிற்சியில் இருக்கிறது. இதை மறைக்கக் கூடாது. நான் பார்த்த வரையில் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: 20 நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு சுகமாகக் கனவு காண்கிறோம். சோதிப்பது சுலபம். எழுந்தவுடனே கேளுங்கள், கடைசி மூச்சு எங்கே தெரிந்தது, மூக்கிலா வயிற்றிலா, நீளமா குட்டையா? பதில் வரவில்லை என்றால் வேலையை இன்னும் சின்னதாக்குங்கள். வெளியே விடும் மூச்சை ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணுங்கள். தவறினால் மறுபடியும் ஒன்று. நாலைத் தாண்டவே முடியாத நாள்கள் வரும், பரவாயில்லை, எத்தனை தடவை ஒன்றுக்குத் திரும்பினீர்களோ அத்தனை தடவை வேலை நடந்திருக்கிறது.

"ஆரம்பித்தபோது இருந்ததைவிட இப்போது மனம் அதிகமாக அலைகிறது."

பழைய சென்சாரை எடுத்துவிட்டு நல்ல சென்சார் மாட்டினால் முதல் வாரம் அலாரம் அடித்துக்கொண்டே இருக்கும். இயந்திரம் கெட்டுப்போனதால் அடிக்கவில்லை, முன்பு கண்டுபிடிக்காததை இப்போது கண்டுபிடிக்கிறது. உங்களுக்கும் நடந்திருப்பது அநேகமாக இதுதான்.

ஹார்வர்டில் மேத்யூ கில்லிங்ஸ்வொர்த், டேனியல் கில்பர்ட் என்ற இருவர் 2010-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 2,250 பேரின் கைப்பேசிக்கு நேரம் காலம் இல்லாமல் ஒரு கேள்வி போகும்: இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் அதில் இருக்கிறதா? கேட்ட தடவைகளில் 46.9 விழுக்காடு மனம் வேறு எங்கோ இருந்தது. சமையல், பயணம், வேலை என்று சாதாரண நாளில், கண் திறந்திருக்கும்போது! உங்கள் மனமும் எப்போதும் அப்படித்தான் இருந்திருக்கும். பாயில் உட்கார்ந்த பிறகுதான் அது கண்ணில் படுகிறது.

இங்கே எதையும் மாற்ற வேண்டாம். அலைந்தது தெரிந்த அந்த நொடியில் "சே" என்று சொல்லிக்கொள்ளும் பழக்கத்தை மட்டும் விடுங்கள். கண்டுபிடித்த சென்சாரைத் திட்டினால் அது அடுத்த தடவை அடிக்கத் தயங்கும்.

"கண்ணை மூடினால் தூக்கம் வழிகிறது."

எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள்? ஐந்து மணி நேரம் என்றால் இது தியானக் கோளாறே இல்லை, போய்ப் படுங்கள். 12 மணி நேர சிப்ட் பார்த்துவிட்டு, காலையில் வீட்டுக்கு வந்து, பிரம்ம முகூர்த்தத்தைத் தவறவிட்டோமே என்று வருத்தப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இரவு வேலை முடிந்து வந்தவருக்கு உடம்பு கேட்பது தூக்கத்தை. தூங்கி எழுந்து, முகம் கழுவி, அடுத்த சிப்டுக்கு யூனிஃபார்ம் மாட்டுவதற்கு முன்னால் உட்காருங்கள்.

சிப்ட் மாறிக்கொண்டே இருப்பவர்கள் கடிகாரத்தோடு பயிற்சியைக் கட்டவே வேண்டாம். காலை ஐந்தரை என்று வைத்தால் இரண்டு வாரத்தில் அறுந்துவிடும். எந்தச் சிப்டிலும் தவறாமல் நடக்கிற ஒரு செயலோடு கட்டுங்கள். எனக்கு அது யூனிஃபார்ம். சட்டை ஆணியில் தொங்கும், நான் அதற்குக் கீழே உட்கார்ந்திருப்பேன், மணி அடித்ததும் எழுந்து மாட்டிக்கொண்டு கிளம்புவேன். என் மகளுக்கு நாலு வயதிலேயே தெரியும், சட்டை ஆணியில் இருந்தால் அப்பாவைக் கூப்பிடக் கூடாது என்று.

நன்றாகத் தூங்கியும் பாயில் தலை ஆடுகிறது என்றால், புத்தர் தம் சீடர் மொக்கல்லானருக்குச் சொன்ன படிகளை அப்படியே முயன்று பாருங்கள். அவரும் உட்கார்ந்தபடி தூங்கி வழிந்தவர்தான். எந்த நினைப்பில் இருக்கும்போது தூக்கம் வந்ததோ அதை விடு. போகவில்லையா, கற்றதை மனத்தில் ஓட்டிப் பார். அப்புறம் வாய்விட்டு ஓது. அப்புறம் காதை இழுத்து, கை காலைத் தேய்த்துவிடு. அப்புறம் எழுந்து கண்ணைத் தண்ணீரால் கழுவி, நாலு பக்கமும் பார், நட்சத்திரங்களைப் பார். அப்புறம் வெளிச்சத்தை மனத்தில் கொண்டுவா. அதற்கும் அசையவில்லை என்றால் எழுந்து நட. எல்லாம் செய்தும் போகவில்லை என்றால் வலப்பக்கமாகப் படு, எழ வேண்டும் என்ற நினைப்போடு. கடைசிப் படி படுக்கச் சொல்கிறது, கவனித்தீர்களா. எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது.

நடப்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். பர்மிய ஆசான் மகாசி சயடாவின் முறையில் உட்காருவதற்கு எவ்வளவு நேரமோ நடப்பதற்கும் அவ்வளவு நேரம், அது இடைவேளை கிடையாது, அதுவும் தியானமேதான். பிளாட் வராந்தாவில் பதினைந்து அடி போதும். கால் தூக்குவது, முன்னே போவது, தரையில் படுவது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்தால் தூங்கிவிடுகிறவர்கள் அந்த வேளையை நடைக்கே கொடுத்துவிடலாம்.

"நூறு நாள் விடாமல் செய்தேன். ஒரு நாள் தவறியது. இப்போது மூன்று வாரம் ஆகிறது."

கைப்பேசிச் செயலி எண்ணிக் காட்டுகிற அந்த நூறு, முதல் நூறு நாளுக்கு உங்களைத் தூக்கிவிட்டது. நூற்றியோராம் நாள் அது பூஜ்யம் என்று காட்டியதும் அதே எண் உங்களைக் கீழே போட்டது. எண்ணிக்கையை அணைத்துவிடுங்கள், அல்லது "இந்த மாதத்தில் எத்தனை நாள்" என்று மட்டும் பாருங்கள். 30-இல் 26 என்றால் அது 26 தான். எதுவும் அழியவில்லை.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி என்பவரும் கூட இருந்தவர்களும் 96 பேரை 12 வாரம் கவனித்தார்கள், தினமும் தண்ணீர் குடிப்பது, பழம் சாப்பிடுவது, ஓடுவது போன்ற ஒரு புதிய செயல் எப்போது தானாக வர ஆரம்பிக்கிறது என்று. நடுக்கணக்காக 66 நாள் வந்தது. ஆனால் ஒருவருக்கு 18 நாள், இன்னொருவருக்குக் கணக்குப்படி 254 நாள். இடையில் ஒரு நாள் விட்டுப்போனது பழக்கம் படிவதைக் குறிப்பாகப் பாதிக்கவில்லை. உங்களைக் கெடுத்தது தவறிய அந்த நாள் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். மறுநாள் "இனி என்ன" என்று நினைத்ததுதான் கெடுத்தது.

என் வழக்கம் இது: ஒரு நாள் விட்டால், மறுநாள் மூன்று நிமிடம் மட்டும் உட்காருவேன். நேற்று விட்டதையும் சேர்த்து நாற்பது நிமிடம் என்று உட்காரவே மாட்டேன். பாயைப் பார்த்தாலே கடன்காரர் ஞாபகம் வரக் கூடாது.

"இறுக்கிப் பிடித்து உட்காருகிறேன். நேரத்தைக்கூடக் கூட்டிவிட்டேன். தலைதான் வலிக்கிறது."

என் அம்மா கெடாவில், சுங்கை பட்டாணிப் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர். விடியும் முன்னே பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்குப் போய், குளிர் இருக்கும்போதே வெட்டி முடிக்க வேண்டும், வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். பள்ளி விடுமுறையில் நான் கூடப் போவேன், மங்கு என்கிற பால் கிண்ணத்தைக் கவிழ்க்க. அவர் கத்தி போகிற விதம் இப்போதும் கண்ணில் இருக்கிறது. பழைய கோட்டின் மேல் கத்தியை வைத்து, சரிவாக, ஒரே இழுப்பில், ஒரு மில்லிமீட்டர், மிஞ்சினால் ஒன்றரை மில்லிமீட்டர் பட்டைதான் சீவி விழும். சுருள் சுருளாக, காய்ந்த வெற்றிலை மாதிரி. கொஞ்சம் பொறுத்தால் கோட்டில் வெள்ளையாக ஒன்று முத்துமுத்தாக எழும்பி, ஒழுகி, மங்கில் ஒரு சொட்டு. நான் ஒரு நாள் கத்தியை வாங்கி அழுத்தி இழுத்தேன், நிறையப் பால் வரட்டும் என்று. கத்தி மரத்தில் பட்டுவிட்டது. அம்மா திட்டவில்லை, அந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார். அந்த இடம் பின்னால் முண்டாகிவிட்டது, அதன் மேல் கத்தி ஒழுங்காகப் போகவே இல்லை. அழுத்தினால் மரம் காயப்படும், ஓயாமல் வெட்டினால் பால் வற்றிப்போகும். அதனால்தான் ஒரு நாள் வெட்டினால் மறுநாள் மரத்துக்கு ஓய்வு.

தலை வலிக்கிற தம்பிகளிடம் இதைத்தான் சொல்கிறேன். நெற்றியிலும் தாடையிலும் கவனியுங்கள், அங்கே இறுக்கம் இருந்தால் கத்தி மரத்தில் பட்டுவிட்டது. நேரத்தைப் பாதியாகக் குறையுங்கள். மூச்சை இழுக்காதீர்கள், அது வரட்டும். கண்ணைப் பாதி திறந்து, இரண்டடி தள்ளித் தரையைப் பாருங்கள். ஒரு வாரத்தில் வலி போய்விட்டால் காரணம் அழுத்தம்தான். போகவில்லை என்றால் கண்ணையும் ரத்த அழுத்தத்தையும் சோதித்துவிடுங்கள்.

கால் மரத்துப்போகிறது, கொசு, சத்தம்

நாற்காலியில் உட்காருங்கள். தரையில் உட்கார்ந்தால்தான் தியானம் என்பது இல்லை. முழங்கால் வலியைப் பொறுத்துக்கொண்டு யாரும் எதையும் சாதிக்க வேண்டாம். வெறும் மரத்துப்போதல் எழுந்தால் சரியாகிவிடும். எழுந்து நடந்த பிறகும் வலி நின்றால் உட்காரும் விதத்தை மாற்றுங்கள்.

கொசு கடிப்பதைச் சகிப்பது பயிற்சி என்று ஒருவர் சொல்லிக் கேட்டு எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு அதிகமாகக் கடிக்கிற வேளை விடியலை ஒட்டியும் அந்தியை ஒட்டியும்தான், நாம் உட்காருகிற அதே இரண்டு வேளை. டெங்கி இருக்கிற நாட்டில் பால்கனியில் சட்டையில்லாமல் உட்கார்ந்து பொறுமை பழக வேண்டாம். காற்றாடியைப் போடுங்கள், வலை கட்டுங்கள்.

சத்தத்தை விட்டுவிடுங்கள். பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி, மோட்டார் சைக்கிள், சுபு நேரத்துப் பாங்கு, கோயில் ஒலிபெருக்கி, எல்லாம் வந்து போகும். ஒலியையே மூச்சுக்குப் பதிலாகக் கவனித்துப் பாருங்கள், பலருக்கு அதுவே நன்றாக அமைந்துவிடுகிறது.

"கூட ஆரம்பித்தவருக்கு வெளிச்சம் தெரிகிறதாம். எனக்கு இருட்டுதான்."

வெளிச்சம், உடம்பு லேசாவது, நெற்றியில் துடிப்பு, கண்ணீர், இதெல்லாம் சிலருக்கு வரும், சிலருக்கு வரவே வராது. வந்தவர் முன்னே போய்விட்டார் என்று அர்த்தமில்லை. அவரைப் பாலத்தில் ஓட்டவிட்டுப் பாருங்கள், அவ்வளவுதான் சொல்வேன்.

இந்த ஒப்பீட்டால் வரும் உண்மையான சேதம் வேறு: முறையை மாற்றுவது. மூச்சிலிருந்து மந்திரம், மந்திரத்திலிருந்து யூடியூபில் பார்த்த ஒன்று, அங்கிருந்து இன்னொன்று, ஒவ்வொன்றும் பதினைந்து நாள். முறையை மாற்றவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன், சிலருக்குச் சில முறை ஒத்துவராது என்பது நிஜம். ஆனால் மாற்றுவதற்கு முன்னால் தேதியைக் குறிக்க வேண்டும், இதுவரை எத்தனை நாள் ஒழுங்காகச் செய்தேன் என்று எழுத வேண்டும். 48-க்குக் குறைவு என்றால் மாற்ற வேண்டாம்.

"தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் உட்காரவே மனம் வரவில்லை."

48 என்று ஏன் சொன்னேன் என்பதற்கு வருகிறேன். தைப்பூசத்துக்கு 48 நாள் விரதம் பிடிக்கிறவர்கள் நம்மிடையே எத்தனை பேர்! அசைவம் இல்லை, குடி இல்லை, தரையில் படுக்கை, கடைசியில் காவடி எடுத்து, பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயிலில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள். அதே மனிதரால் தினம் 20 நிமிடம் சும்மா உட்கார முடியவில்லை என்றால் அவருக்கு மன உறுதி இல்லை என்று சொல்ல முடியுமா? எனக்குத் தெரிந்த ஒரு வெல்டிங் அண்ணன் பதினோரு வருடம் காவடி எடுத்தவர், தியானத்தில் மூன்று மாதம் தாண்டியதில்லை. அவரோடு உட்கார்ந்து யோசித்தபோது தெரிந்தது, விரதத்தில் இருப்பதும் இதில் இல்லாததும் மூன்று. விரதத்துக்கு முடியும் தேதி உண்டு. கூட நாலு பேர் இருக்கிறார்கள், வீடே சேர்ந்து சைவம் சமைக்கிறது. இருக்கிறேன் என்பதைக் கழுத்தில் மாலை சொல்கிறது.

மூன்றையும் கடன் வாங்கினோம். வாழ்நாள் முழுக்க என்று சொல்லாமல் ஒரு மண்டலம் என்று தேதி குறித்தார். உட்கார்ந்து முடித்ததும் எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு புள்ளி அனுப்புவார், வேறு எதுவும் எழுதக் கூடாது, நானும் ஒரு புள்ளி அனுப்புவேன். வீட்டில் சொல்லிவிட்டார், அவர் வீட்டு அக்கா அந்த நேரத்தில் அடுப்படிக் கதவைச் சாத்திவிடுவார். 48 முடிந்ததும் மூன்று நாள் வேண்டுமென்றே விட்டுவிட்டு, குறிப்பைப் படித்துவிட்டு, அடுத்த மண்டலம் வேண்டுமா என்று அவரே முடிவு செய்வார். இப்போது ஐந்தாவது ஓடுகிறது.

அவர் ஒரு நாள் "எனக்குக் கொடுப்பினை இல்லை தம்பி" என்றார். பதஞ்சலி யோக சூத்திரத்தில் தடைகள் என்று ஒன்பதை வரிசைப்படுத்துகிறார்: நோய், மந்தம், சந்தேகம், கவனக்குறைவு, சோம்பல், ஆசையை விடாமை, தவறான காட்சி, அப்புறம் எட்டாவது, நிலை கைகூடாமல் போவது, ஒன்பதாவது, கைகூடிய நிலையில் நிற்க முடியாமல் போவது. நம் இயந்திரங்களின் கையேட்டில் பிழை எண்கள் அச்சடித்திருப்பார்கள் இல்லையா, அப்படித்தான். கையேட்டில் இருக்கும் பிழை என்றால் இந்த இயந்திரத்துக்கு மட்டும் வந்தது இல்லை, வரும் என்று தெரிந்தே எழுதி வைத்திருக்கிறார்கள். அண்ணன் எட்டாவதை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார்.

உடனே நிறுத்த வேண்டிய அறிகுறிகள்

இங்கே பொறுமை பேச மாட்டேன். உட்கார்ந்தால் நெஞ்சு படபடத்து மூச்சு முட்டுகிறது, பழைய கொடுமையான சம்பவங்கள் அலையாக வருகின்றன, பல நாள் தூக்கமே வரவில்லை, நான் நானாகவே இல்லை என்ற உணர்வு பகலிலும் விடவில்லை, இதில் எது வந்தாலும் கண்ணைத் திறங்கள், எழுந்து நடங்கள், யாரிடமாவது பேசுங்கள், சில நாள் உட்காராதீர்கள். "கர்மா கழிகிறது, தொடர்ந்து செய்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

இன்னொன்று, சலிப்பு மாதிரித் தெரியும் ஆனால் வேறு. தியானம் மட்டும் இல்லாமல் சாப்பாடு, பிள்ளைகள், பாட்டு என்று எதிலும் இரண்டு வாரத்துக்கு மேல் ஈடுபாடே இல்லை என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அரசாங்க சுகாதார கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான், அங்கே டாக்டரிடம் சொல்லலாம். பேச ஆள் வேண்டும் என்றால் சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசி எண் 15555. மருந்து எடுத்துக்கொண்டிருப்பவர்கள் தியானம் ஆரம்பித்ததால் மருந்தை நிறுத்தவே கூடாது.

யாரிடம் கேட்பது

மேலே சொன்னது எதிலும் உங்கள் அறிகுறி இல்லை என்றால், அல்லது இரண்டு வாரம் முயன்றும் அப்படியே இருந்தால், நேரில் ஒருவரிடம் போங்கள். பினாங்கில் கிரீன் லேன் பக்கம் மலேசிய பௌத்த தியான மையம் மகாசி முறையில் கற்றுத் தருகிறது. கோலாலம்பூர்க்காரர்களுக்குப் பத்துமலையில் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தின் சிவானந்த ஆசிரமம், பிரிக்பீல்ட்ஸில் பௌத்த மகா விகாரை. பத்து நாள் விடுப்பு கிடைக்கிறவர்களுக்குப் பகாங் மாநிலத்தில் கம்பாங் என்ற ஊரில் கோயங்கா முறை விபாசனா மையம் இருக்கிறது. காலை நாலு மணிக்கு மணி அடித்து எழுப்பி, நாளுக்குப் பத்து மணி நேரம் உட்கார வைப்பார்கள். கட்டணம் கிடையாது, முடித்தவர்கள் தரும் நன்கொடையில் நடக்கிறது. ஆனால் தினம் பத்து நிமிடமே தடுமாறுகிற நேரத்தில் அங்கே ஓடாதீர்கள், வீட்டில் ஒரு மண்டலமாவது ஓட்டிவிட்டுப் போங்கள்.

எங்கே போனாலும் முன்கூட்டியே அழைத்து நேரம் கேட்டுக்கொள்ளுங்கள், குறிப்பேட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். "மனம் அடங்கவில்லை ஐயா" என்று சொன்னால் எந்த ஆசிரியராலும் பொதுவாகத்தான் பதில் சொல்ல முடியும். "மூன்றாம் தேதியிலிருந்து, உட்கார்ந்து எட்டாவது நிமிடத்தில், மூச்சு மெலிந்ததும் தாடை இறுகுகிறது, நேரத்தைக் குறைத்துப் பார்த்தேன், கொஞ்சம் குறைந்தது" என்று சொல்லிப் பாருங்கள்.